வலியில்லாதவர் பட்டியலில் என் பெயர்

போன செவ்வாய்க்கிழமை மருமகள் என்னைப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனாள். தோள் பயிற்சிக்கு ஒரு சின்ன மருத்துவ நிலையம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி என் ரவிக்கையைத் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கிவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் தேய்த்தாள். அந்தக் குளிர்ச்சியும் வாடையும் ஏறியதுமே என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. "ஏன் பாட்டி இப்டி வேர்க்குது? ஊசியெல்லாம் கிடையாது, சும்மா ஒட்டத்தான் போறேன்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அறையில் நான் இல்லை. கும்மிடிப்பூண்டியில் நாம் வேலை பார்த்த டப்பா கம்பெனியின் முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் நீ இருந்தாய்.

நீ உலகத்தை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் உன்னிடம் பேசினேன். அதுவும் பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன். உனக்கு பஸ் பலகையைத் தவிர எதையும் படிக்கப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் வேலையை வெளியாளிடம் சொன்னால் பெரிய கஷ்டமாகவே தோன்றாது. பெயிண்ட் ஊற்றுகிற தகர டப்பாக்கள். வர்ணம் அடித்துச் சூளையில் காய்ந்து, தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் கொக்கி கொக்கியாகத் தொங்கிக்கொண்டு வரும். அவற்றைக் கழற்றித் தட்டில் அடுக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கு ஒரு கனமும் இல்லை. ஆனால் சங்கிலி நிற்காது. கை கீழே வராது. உயரமான ஆண்கள் நிற்பார்கள் என்று நினைத்து அந்தச் சங்கிலியைக் கட்டியிருந்தார்கள். பிறகு நம்மைக் கொண்டுவந்து அதன் கீழே நிறுத்தினார்கள்.

நீ பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருவாய். பஸ்சைப் பிடிக்கவே மூன்று மைல் நடை. நான் எளாவூர்ப் பக்கத்தில் அண்ணன் வீட்டிலிருந்து வருவேன். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள். அண்ணனுக்கு நெல் விளையும் நிலம் இருந்தது. எங்களுக்குச் சோறு போட அவர் முகம் சுளித்ததில்லை. அண்ணிதான் ஒரு நாள் என் பிள்ளைகளுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "உனுக்கு வேல கீற வரைக்கும் ஒரு பேஜாரும் இல்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வேலை போனால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத பாதியைச் சுமந்துகொண்டுதான் தினமும் கம்பெனி வாசலில் நுழைவேன்.

எட்டு மாதத்தில் என் வலது தோள் போய்விட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சடை பின்ன முடியவில்லை. தலையை வாரி மட்டும் வைத்துக்கொண்டு வந்து, சைக்கிள் கொட்டகையில் உன் முன்னால் உட்காருவேன். சங்கு ஊதுவதற்குள் நீ பின்னி விடுவாய். உனக்கு இடது தோள். முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டே பின்னுவாய். "யாராச்சும் கேட்டா பேன் பாக்கறேன்னு சொல்லு" என்பாய். இரண்டு நல்ல கைகள் நம் இருவருக்கும் சேர்த்து இருந்தன என்று அப்போது நாம் சிரித்துக்கொண்டோம்.

நீ மட்டும் வாயைத் திறந்தாய். மேஸ்திரியிடம் மூன்று முறை சொன்னாய். மூன்றாவது முறை அவர், "ஊட்ல மீன் கூடைய தூக்கறப்ப வராத நோவு இங்க வந்தா மட்டும் வருதா?" என்றார். நீ சங்கிலியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "மீன் கூடைய தலையில வெச்சா கை கீழ வந்துடும் மேஸ்திரி. இங்க கீழயே வர மாட்டேங்குதே" என்றாய். வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பக்கத்தில் நிற்பதால் என்னையும் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். உன் பக்கத்தில் நிற்கப் பயந்த முதல் நாள் அதுதான்.

அந்த மாதக் கடைசியில்தான் கம்பெனி ஆபீசர் நம்மைக் கேன்டீனில் நிறுத்திவைத்துப் பேசினார். மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார், தோள்பட்டைத் தசை எப்படி வேலை செய்கிறது என்று எந்திரம் வைத்து அளக்கப் போகிறார், வலி இருப்பவர்கள் ஆறு பேர், வலி இல்லாதவர்கள் ஆறு பேர் வேண்டும் என்றார். "பேர மேஸ்திரிகிட்ட குடுங்க. யாரையும் கட்டாயப்படுத்தல" என்று முடித்தார். கட்டாயம் இல்லை என்ற வார்த்தை எல்லாரையும் இன்னும் கலவரப்படுத்தியது. வலி என்று பேர் கொடுத்தால் வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள் என்றாள் ஒருத்தி. உடம்பில் கரண்டு விடுவார்கள், கை செத்துப்போகும் என்றாள் இன்னொருத்தி. யார் பொய் சொல்கிறார்கள் என்று அந்த எந்திரம் கண்டுபிடித்துவிடும் என்றது மூன்றாவது பேச்சு. மற்ற இரண்டும் இரண்டு நாளில் என்னை விட்டுப் போய்விட்டன. இது போகவில்லை.

வலி இருப்பவர்கள் பட்டியலில் நாலு நாளாக ஒரே பெயர்தான் இருந்தது. உன் பெயர். மீதி ஐந்து பேரை ஆஸ்பத்திரியிலிருந்தே பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியனுப்பினார். வலி இல்லாதவர்கள் பட்டியலுக்கு மட்டும் ஆட்கள் முண்டியடித்தார்கள். அடுத்த மாதம் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவாகப் போகிறது, அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் நல்லது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. மேஸ்திரி என் முன்னால் வந்து நின்றார். "உனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல" என்றேன்.

நீ எனக்குப் பின்னால்தான் நின்றாய். அன்று காலை என் தலையைப் பின்னிவிட்டவள் நீ. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் பஸ்சுக்கு நிற்கும்போது நீயாகவே பேச்சை எடுத்தாய். "இன்னாடி சரசு, மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற? நீ சொன்னது சரிதான். உனுக்கு அண்ணன் ஊடு. எனுக்கு எங்க நைனா கீறாரு, மீன் புடிக்க ஊட்டுக்காரரு போட்டு கீது. நோவுதுன்னு நான் சொல்றேன். ஒருத்தி சொன்னா போதும்."

ஒருத்தி சொன்னால் போதும் என்று நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாய். அந்த எந்திரம் ஒரு சமையலறை அலமாரி உயரம் இருந்தது. முகத்தில் வட்டமான கண்ணாடி, அதில் ஓடும் பச்சைக் கோடு, கீழே ரேடியோவில் இருப்பதுபோல ஒலிபெருக்கி. நர்சம்மா ஸ்பிரிட் தேய்த்து, சட்டைப் பொத்தான் அளவு வெள்ளித் தகடுகளைப் பசை தடவி என் தோளில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். டாக்டர் ஒல்லியான ஆள், மரியாதையாகப் பேசினார். மூலையில் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கைய மெதுவா பக்கவாட்டுல தூக்குங்கம்மா."

தூக்கினேன். சுள்ளென்று வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒலிபெருக்கியில் காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டியது மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. என் தோளுக்குள் நடப்பதை அந்த அறையில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதுவரை யாரிடமும் சொல்லாததை அந்தப் பெட்டி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது என்றே எனக்குப் பட்டது.

"இப்ப இறக்கிடுங்க. மடியில வெச்சிட்டு தளர விடுங்க. ஒண்ணும் செய்யாதீங்க."

இறக்கினேன். சத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. குறைந்தது, ஆனால் படபடவென்று பொரிந்துகொண்டே இருந்தது. டாக்டர் ஒரு குமிழைத் திருகினார். நர்சம்மா தகடுகளை அழுத்திப் பார்த்தாள். "முழுசா விட்டுடுங்கம்மா."

"விட்டுட்டேன் சார்."

ஆபீசர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வலி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் தோள் ஓய்வெடுக்க மாட்டேங்குது?"

நான் ஆபீசர் பக்கம் பார்த்தேன். பிறகு, "பயமா கீது சார்" என்றேன்.

அவர் முகம் இளகிவிட்டது. "பயந்தா தோள் இறுகத்தான் செய்யும். இதுல பயப்பட ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். அன்று அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அது. வலிக்கும் பயத்துக்கும் அந்தப் பெட்டியில் ஒரே சத்தம்தான் என்று தெரிந்ததும், ஒன்றை வைத்து இன்னொன்றை மறைத்துக்கொண்டேன்.

என் பிளாஸ்திரியை உரிப்பதற்குள் உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ உள்ளே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் இடது தோளில் தகடு ஒட்டினார்கள். நீ கையைத் தூக்கினாய். பாதி உயரத்துக்குமேல் வரவில்லை. உன் மேலுதட்டில் வேர்வை பூத்தது எனக்குத் தெரிந்தது. பெட்டியிலிருந்து மெல்லிய சத்தம்தான் வந்தது, எங்கோ தூரத்தில் யாரோ காகிதத்தைக் கசக்குவது மாதிரி.

ஆபீசர் எழுந்தார். "பாத்தீங்களா டாக்டர்? அந்தம்மா தூக்கறப்ப எப்டி சத்தம் வந்தது! இது தூக்கவே மாட்டேங்குது. அவ்ளோதான் விஷயம்."

"அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றார் டாக்டர். "வலி இருக்கறவங்கள்ல சில பேருக்கு அந்தத் தசை முழுசா வேலை செய்யாது. உடம்பே அதை அடக்கிடும். ரெண்டு பேரை வெச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. பன்னெண்டு பேரையும் பாக்கணும்."

"உங்களுக்கு பன்னெண்டு. எங்களுக்கு ரெண்டு போதும்."

நீ டாக்டரைப் பார்த்தே பேசினாய். "சார், நான் தூக்கறேன். கைதான் வர மாட்டேங்குது." குரலில் கெஞ்சல் இல்லை. அதை அவர் நம்ப வேண்டும் என்று மட்டும் இருந்தது.

நான் இரண்டடி தூரத்தில் தோளில் பசை காய உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வலிக்குது சார். மூன்று வார்த்தை. என் சத்தமும் வலிக்காரியின் சத்தம்தான் என்று தெரிந்திருந்தால் ஆபீசரின் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். பிளாஸ்திரியின் கடைசித் துண்டு உரியும் வரை அந்த மூன்று வார்த்தை என் தொண்டையில் இருந்தது. நர்சம்மா, "ஆச்சு, நீங்க போலாம்" என்றாள். நான் எழுந்து போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை வாசலில் உன்னை நிறுத்திவிட்டார்கள். வருகை அட்டைகள் மாட்டும் பலகையில் உன் அட்டை இல்லை. காவல்காரர், "ஆபீசர் சொல்லிட்டாரும்மா, நடிக்கறவங்க வேணாமாம்" என்றார். நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ அந்தப் பலகையைப் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ உள்ள போ. சங்கு ஊதிடுச்சி" என்றாய். அன்று சைக்கிள் கொட்டகையில் தலையைப் பின்னிக்கொள்ள ஆள் இல்லாமல், முடியை அள்ளி முடிந்துகொண்டு உள்ளே போனேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி வந்தார், மற்றவர்களை அளந்து முடிப்பதற்கு. மத்தியானம் எந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே அவரிடம் போனேன். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாக நின்றுகொண்டேன். "சார், நான் பொய் சொல்லிட்டேன். எனுக்கு தோளு ஒரு வருசமா நோவுது."

அவர் என் தாளைத் தேடி எடுத்தார். கூர்ந்து பார்த்தார். "அதனாலதான் அடங்கவே இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு அப்புறம் வந்தாங்களே, அந்தம்மா?" என்றார்.

"நிறுத்திட்டாங்க சார்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "என் மிஷினை வெச்சா?" என்றார். "இப்பவே போய்ச் சொல்றேன். இந்தத் தாளும் வலி உள்ளவங்களோடதுதான்னு காட்டினா அவர் சொன்னது நிக்காது. வாங்க, நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "வேணாம் சார். என்னையும் நிறுத்திடுவாங்க. எனுக்கு ரெண்டு புள்ளங்க சார்."

"அவங்களுக்கு?"

"மூணு" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அந்த ஆபீசரை உள்ள உக்கார வெச்சுக்கிட்டு நான் உங்களைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். என் பெயரைச் சொல்லாமலே ஆபீசரைப் பார்க்க உள்ளே போனார். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் வேனில் ஏறினார். அதன் பிறகு அவரையோ பலகையில் உன் அட்டையையோ நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன். அண்ணி பாயசம் வைத்தாள்.

உன்னைத் தேடி வர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மீன்காரி குரல் தெருவில் கேட்டால் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே நின்ற எட்டு மாதம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு வந்தேன். ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறு வெடித்திருந்தது. நீ விற்கப் போவதற்குக் கூடையில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாய்.

நான் அழுதேன். அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். நீ மீனை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அத்த வுடு. நீ இல்லன்னு சொன்னது சரின்னு நான்தான சொன்னேன். இத்தினி மாசமா வராம இருந்த பாரு, அதுக்குத்தான் எனுக்கு கோவம்" என்றாய். பிறகு யோசித்துக்கொண்டே, "அந்த டாக்டரு நல்ல மனுசன்டி. அவராண்ட சொல்லியிருந்தா எதுனா செஞ்சிருப்பாரு. அப்பறம் வந்தாரா?" என்று கேட்டாய்.

"வரல" என்றேன்.

 நீ "ம்" என்று தலையாட்டினாய். நம்பிவிட்டாய். எழுந்து, "ஒரு கை குடு" என்றாய். கூடையை உன் தலைக்கு ஏற்ற வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். நெஞ்சு உயரம் வந்ததும் தோள் விட்டுவிட்டது. கூடை சாய்ந்து நாலைந்து மீன் மணலில் விழுந்தது.

"நோவுதா?"

"நோவுதுடி."

"எவ்ளோ?"

"ரொம்ப."

"இத்த சொல்றதுக்கு எத்தினி நாளு!" என்று நீ சிரித்தாய். பிறகு பக்கத்துக் குடிசைக்காரியைக் கூப்பிட்டுக் கூடையை ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி, மற்றொரு கையை விலாவோடு அணைத்துக்கொண்டு போனாய். போகும் முன் மணலில் விழுந்த மீனைக் கழுவி என் பிள்ளைகளுக்கென்று என்னிடம் கொடுத்திருந்தாய். அன்று அண்ணன் வீட்டில் அந்தக் குழம்பை என்னால் தொட முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் புது ஆபீசர் வந்தார். நம் வரிசையை நிறுத்திவைத்து, "யாருக்காவது தோள், முதுகு வலி இருக்கா? கை தூக்குங்க" என்றார். பழைய கேள்விதான். பழைய பயமும் வந்தது. நான் நிரந்தரமானவள், என்னைச் சுலபத்தில் நிறுத்த முடியாது என்று தெரியும். ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. வலது கை எழாது. இடது கையைத் தூக்கினேன். பின்னால் இன்னும் ஒன்பது பேர் தூக்கினார்கள். ஒரு மாதத்தில் சங்கிலிக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரப்பலகை அடித்துப் போட்டார்கள். அதன்மேல் ஏறி நின்றால் டப்பா முகத்துக்கு நேராக வரும். அவ்வளவு சுலபமான காரியம். நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பலகைமேல்தான் நின்றேன். தினமும் காலையில் அதில் ஏறும்போது, கீழே தரையில் நீ நின்ற இடத்தைக் கால் தாண்டிப் போகும்.

அதற்குப் பிறகு கல்யாணத்திலும் திருவிழாவிலும் எத்தனை முறை பார்த்துக்கொண்டோம். உன் கை மேலே வராமலே போய்விட்டது. மகள்தான் உனக்குத் தலை வாரிவிடுவாள் என்றாய். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும் பயந்து வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்புவேன். நீ மன்னிக்காமல் போவாய் என்று நான் பயப்படவில்லை. அந்தக் குப்பத்து மணலில் சிரித்த மாதிரியே சிரித்து, "அத்த வுடு" என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். அதை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

டாக்டர் வந்தார். உனக்காக என் தாளோடு உள்ளே போகக் கிளம்பினார். குறுக்கே நின்று தடுத்தவள் நான். நீ பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்துத்தான் இதை எழுதத் துணிந்திருக்கிறேன்.